கையெடுத்த பின்னும் நிற்கும் சுரம்

அத்தியாயம் பதினான்கு

செவ்வாய்க்கிழமை என்ற சொல்லை அந்த வீட்டில் யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை. 'அன்னைக்கு' என்பார்கள். 'கோட்டயத்து நாள்' என்பார்கள். அன்னாள் மட்டும் எதுவுமே சொல்வதில்லை. தேவைக்கு மேல் பேசக் கூடாது என்பது டாக்டரின் உத்தரவு.

மழைக்காலத்தில் தொடங்கிய தொண்டைக் கம்மல், மழை விட்ட பிறகும் விடவில்லை. கோட்டயத்து டாக்டர் கண்ணாடி வைத்துப் பார்த்துவிட்டு, உள்ளே ஒரு சதை வளர்ந்திருக்கிறது, அடுத்த செவ்வாய்க்கிழமை அறுத்து எடுத்துவிடலாம், உயிருக்கு ஒன்றும் இல்லை என்று போன வாரம் சொன்னார். அந்த ஒரு வார்த்தைக்காக ஆசுபத்திரி வராந்தாவிலேயே கண்ணை மூடி நின்று கடவுளுக்கு நன்றி சொல்லிவிட்டுத்தான் பஸ் ஏறினார்கள். அவர் கூடவே சொன்ன இன்னொரு வார்த்தை வீடு வந்து சேர்ந்த பிறகுதான் உறைத்தது. குரல் பழையபடி வரலாம், வராமலும் போகலாம்.

மேல்கரை எஸ்டேட்டில் அன்னாளின் குரலைத் தெரியாதவர்கள் கிடையாது. கொழுந்துக் காட்டில் நிரை பிடித்து நிற்கும்போது வாயில் வந்ததைப் பாடுவாள். அதில் நல்லதாக ஒன்று தேறி, ஆண்டுதோறும் அறுப்பின் பண்டிகையில் சபை முழுக்கப் பாடும். வார்த்தைகள் எல்லாருக்கும் மனப்பாடம். மெட்டு மட்டும் அன்னாளின் தொண்டையில்தான் இருந்தது. அவள் முன்னால் போனால் மற்றவர்கள் பின்னால் வருவார்கள். அவள் இல்லாத ஞாயிற்றுக்கிழமைகளில் ஆளுக்கொரு திசையில் இழுத்து, ஆமென் சொல்லும்போதுதான் ஒன்று கூடுவார்கள்.

செவ்வாய்க்கிழமைக்குள் அந்த மெட்டுகளை எழுதி வைத்துவிட வேண்டும் என்று முடிவு செய்தவள் ஞானஜோதி. அன்னாளின் மருமகள், எஸ்டேட் பள்ளிக்கூடத்தில் டீச்சர். சுரத்துக்கு ஓர் எழுத்து, காலத்துக்குப் புள்ளியும் கோடும் என்று எழுதும் சோல்பா முறையை அவள் திருநெல்வேலிப் பக்கம் நாசரேத்தில் ஆசிரியப் பயிற்சி படித்தபோது கற்றுக்கொண்டாள். அப்படி எழுதிவிட்டால் பாடகர் குழு நாலு குரலாகப் பிரித்துக்கூடப் பாடலாம். எஸ்டேட் மேனேஜர் பங்களாவில் இருந்த டேப் ரெக்கார்டரையும் கேட்டுப் பார்த்தார்கள்தான். துரை லீவில் போயிருந்தார்; அதை வைத்துப் பூட்டிய பெட்டியின் சாவியும் அவரோடு போயிருந்தது.

எழுதலாம் என்று உட்கார்ந்தபோதுதான் தொல்லை தெரிந்தது. அன்னாளின் குரல் கம்மிப்போய் அங்கங்கே நழுவியது. அது எந்தச் சுரம் என்று ஒரு கட்டையை அமுக்கி ஒத்துப் பார்க்காமல் எழுத முடியவில்லை. உபதேசியார் வீட்டு ஆர்மோனியத்தை இரவல் வாங்கினார்கள். துருத்திக்கு ஒரு கை, கட்டைக்கு ஒரு கை. பென்சிலை எடுக்கத் துருத்தியை விட்டால் சுரம் செத்துவிடும். மறுபடி பாடுங்க அத்தை, மறுபடி பாடுங்க என்று கேட்டுக் கேட்டு, ஒரு பாட்டு முடிவதற்குள் அன்னாளுக்கு வெறும் காற்றுதான் வந்தது. அத்தோடு நிறுத்திவிட்டார்கள்.

அன்று சனிக்கிழமை. பள்ளிக்கூடம் இல்லை. அன்னாளின் கணவர் ஆசீர்வாதம் காலையிலேயே குளித்து, பெட்டியில் இருந்த வெள்ளைச் சட்டையைப் போட்டுக்கொண்டு வாசலில் நின்றார்.

"கெளம்பும்மா. இன்னைக்கு வண்டிப்பெரியாறுல ஒரு ஆர்மோனியப் பெட்டி வாங்காமத் திரும்புற பேச்சே இல்ல. போனஸ் வந்துட்டுல்லா?"

"மாமா, சின்னதா ஒண்ணு போதும்."

"ஆங்?"

"சின்னதாப் போதும்னேன்!"

தேயிலைத் தொழிற்சாலையில் கொழுந்தை அரைக்கும் ரோலர் மெஷின்களுக்கு நடுவே வாலிபம் முழுவதையும் கழித்தவர் ஆசீர்வாதம். காது பாதிக்கு மேல் போய்விட்டது. அவரிடம் ஒரு விஷயத்தைச் சொன்னால் அது அவர்கள் குடியிருக்கும் லயத்து வரிசையில் ஏழு வீட்டுக்கும் போய்ச் சேரும்.

"சின்னதா? சபைக்குக் கொடுக்குற பெட்டிம்மா! உங்க அத்த பேரைப் பித்தளையில வெட்டி வைக்கணும்னு உபதேசியார்ட்ட சொல்லிட்டேன். பாதி எஸ்டேட்டுக்குத் தெரியும்."

ஞானஜோதியின் கணவன் பவுல்ராஜ் இருந்தால் அப்பாவிடம் பக்குவமாகப் பேசியிருப்பான். அவன் எஸ்டேட் லாரியில் தேயிலைப் பெட்டிகளை ஏற்றிக்கொண்டு கொச்சிக்குப் போயிருந்தான். நாளைக்குத்தான் வருவான்.

உள்ளேயிருந்து டங் என்று சத்தம் வந்தது. பேச்சுக்குப் பதிலாக அன்னாள் பித்தளைத் தம்ளரைக் கரண்டியால் தட்டுவாள். ஒரு தட்டுக்கு 'வா'. இரண்டு தட்டினால் 'வேண்டாம்'. விடாமல் தட்டினால் அது ஆசீர்வாதத்துக்கான வசவு.

ஞானஜோதி உள்ளே போய்க் கட்டிலருகே குனிந்தாள்.

"ஏட்டி," என்றாள் அன்னாள், காற்றும் குரலுமாக. "ஒனக்கு எது தோதுப்படுமோ அத எடு. அவுக மூஞ்சியப் பாத்து எடுக்காத."

மூஞ்சியைப் பார்க்காமல் எடுப்பது அவ்வளவு சுலபமாக இருக்கவில்லை.

வண்டிப்பெரியாறு பஜாரில் மாடிக் கடை ஒன்று. சித்தூர்க்காரர் கடை என்றால்தான் தெரியும். பெட்ரோமாக்ஸும் மைக் செட்டும் வாடகைக்கு. ஆர்மோனியம் விற்கவும் பழுது பார்க்கவும். கடைக்காரர் சென்னியப்பன் பாலக்காட்டுப் பக்கத்துச் சித்தூரிலிருந்து மலையேறி வந்து எத்தனையோ வருஷம் ஆகியும், வாயில் இருந்த சித்தூர்ப் பேச்சு இறங்கவில்லை.

"வாங்கொ, வாங்கொ டீச்சரம்மா. ஏனுங்க பெரியவரே, மூச்சு வாங்குதாட்ட இருக்குது. உக்காருங்கொ. மோர் கொண்டாரச் சொல்லட்டுங்களா?"

"பெட்டி பாக்க வந்திருக்கோம்!" என்றார் ஆசீர்வாதம். கீழே பஜாரில் இரண்டு பேர் நிமிர்ந்து பார்த்தார்கள்.

"பாக்கலாமுங்க. சத்தமாவே பாக்கலாமுங்க."

நடுக்கடையில் துணி போர்த்தியிருந்த ஒன்றைச் சென்னியப்பன் திறந்தார். பளபளவென்று தேக்கு. முன்பக்கம் முழுக்க வெள்ளைக் குமிழ்கள். கடைக்காரர் ஒரு கையால் துருத்தியை இழுத்து, மறுகையை அகல விரித்து அமுக்கினார். கண்ணாடி அலமாரி அதிர்ந்தது.

"நாடகக் கம்பெனிக்குன்னு பண்ணுனதுங்க. கடேசி வரிசையில தூங்கறவன்கூட எந்திரிச்சு உக்காந்துக்குவான்."

ஆசீர்வாதத்தின் முகம் மலர்ந்துவிட்டது. ஒரு சின்னப் பிள்ளையைப் போல மருமகளைத் திரும்பிப் பார்த்தார்.

"கேக்குதும்மா! எனக்கே கேக்குது!"

ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில் மற்றவர்கள் வாயைப் பார்த்து வாயசைத்துப் பாடுகிறவர் அவர். இதை வேண்டாம் என்று எந்த வாயால் சொல்வது?

ஞானஜோதி கடைக்காரரிடம் ஒரு பென்சிலும் காகிதமும் கேட்டாள்.

"கணக்குப் போடப் போறீங்களா? வெல இன்னும் நாஞ் சொல்லவே இல்லீங்களே!"

"விலைக்கு இல்லீங்க. பெட்டிக்குப் பரீட்சை."

துருத்தியை நிறைய ஊதினாள். கையை எடுத்தாள். இடது கையால் ஒரு கட்டையை அமுக்கிக்கொண்டு, வலது கையால் பென்சிலை எடுத்தாள். முதல் எழுத்து எழுதியாயிற்று. பக்கத்தில் காலக் குறி போடுவதற்குள் அந்தப் பெரிய பெட்டி ஒரு பெருமூச்சு விட்டு அடங்கிவிட்டது.

"அது அப்பிடித்தானுங்க," என்றார் சென்னியப்பன். "ஒரு கட்டைய அமுத்துனா உள்ளார மூணு பித்தள நாக்கு பேசுது. ஒரு சொம்புத் தண்ணிய மூணு பேரு குடிச்சா எம்புட்டு நேரத்துக்கு வரும்? இருங்கொ, ரெண்டு குமிழைத் தள்ளி ரெண்டு நாக்கை அடைச்சுப் பாப்போம்."

குமிழ்களை அடைத்துவிட்டுப் பார்த்தார்கள். கொஞ்சம் கூடுதலாக நின்றது. இரண்டாவது எழுத்து பாதியில் இருக்கும்போது போய்விட்டது.

"இத வச்சு எழுதோணும்னா உங்களுக்கு மூணாவது கை ஒண்ணு வேணுமுங்க."

"கை ரெண்டே போதும். கையெடுத்த பின்னாடியும் மூச்சு நிக்கிற பெட்டி இருந்தா காட்டுங்க. சத்தம் கொறஞ்சாலும் பரவாயில்ல. மடியில வச்சு பஸ்ஸுல கொண்டு போற மாதிரி இருக்கணும்."

சென்னியப்பன் அவளை ஒரு பார்வை பார்த்தார். ஆர்மோனியம் வாங்க வருகிறவர்கள் சத்தத்தைக் கேட்பார்கள், பளபளப்பைக் கேட்பார்கள். மூச்சைக் கேட்டு யாரும் வந்ததில்லை போலும். ஸ்டூலைப் போட்டு ஏறி, மேல் பலகையிலிருந்து ஒரு சின்னப் பெட்டியை இறக்கினார். தூசியைத் துடைத்தபோது நிறம்கூடச் சரியாக இல்லை.

"பாலக்காட்டுல ஒரு பஜனை கோஷ்டி வாங்கிட்டுப் போய், சத்தம் பத்தலீன்னு திருப்பிக் குடுத்துட்டாங்க. மூணு ஸ்தாயிதானுங்க. ஒத்த நாக்கு. ஆனா துருத்தித் தோலு மட்டும் எளங்கன்னு."

அவள் அதையும் அதேபோல் நிறைய ஊதிக் கையை எடுத்தாள். கட்டையை அமுக்கினாள். மெல்லிய, நேரான ஒரு சுரம் புறப்பட்டது. எழுத்தைப் போட்டாள். புள்ளி வைத்தாள். கோடு போட்டாள். அடுத்த கட்டைக்கு விரலை மாற்றினாள். அந்த எழுத்தையும் போட்டாள். காகிதத்தில் ஒரு வரி முடிந்தபோதும் சுரம் அசையாமல் நின்றுகொண்டிருந்தது.

ஆண்களின் அடிக்குரலான பாஸ் இறங்கும் இடத்துக்குக் கீழே கட்டை இருக்கவில்லை. அது ஒன்றும் குறையில்லை. ஒரு ஸ்தாயி மேலே வாசித்துப் பார்த்து, எழுத்துக்குக் கீழே ஒரு சிறு கோடு போட்டுவிட்டால் பாடுகிறவர்கள் இறங்கிக்கொள்வார்கள்.

இதுதான் என்று நிமிர்ந்தாள்.

ஆசீர்வாதம் பெட்டிக்கு எதிரிலேயே நின்றிருந்தார். ஆவலோடு அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டு.

"சரிம்மா, வாசி. எப்படி இருக்குன்னு பாப்போம்."

அவள் விரல் இன்னும் கட்டை மேல்தான் இருந்தது.

சென்னியப்பன் தலையைக் குனிந்துகொண்டு, இல்லாத தூசியைத் துடைத்தார். மருமகளின் கண்ணைப் பார்த்ததும் ஆசீர்வாதத்துக்கே புரிந்துவிட்டது.

"வாசிச்சுக்கிட்டுதான் இருக்கியா?"

அவள் தலையசைத்தாள்.

"எனக்குக் கேக்காத பெட்டிய வச்சுக்கிட்டு நான் என்னம்மா செய்ய?" என்று சொல்லிவிட்டு அவர் மாடிப்படிக்குப் போய் நின்றுகொண்டார்.

ஞானஜோதி பின்னாலேயே போனாள். காதருகே குனிந்து, ஆனால் கத்தாமல், ஒவ்வொரு வார்த்தையாகச் சொன்னாள்.

"மாமா, இது சபைக்கு இல்ல. அத்தைக்கு. முந்துன நாளே ஆசுபத்திரியில சேரணும்; திங்கக்கிழமை காலையில நாம பஸ் ஏறுறதுக்குள்ள எழுதி முடிக்கணும். அந்தப் பெட்டியில எழுத முடியாது."

அவர் கீழே பஜாரைப் பார்த்தபடியே நின்றார். பிறகு, அவரால் முடிந்த அளவு தாழ்ந்த குரலில், கடைக்காரருக்குத் தெளிவாகவே கேட்கும்படி சொன்னார்.

"நாளைக்கு அவ சத்தம் இல்லாமப் போச்சுன்னா, அவ பேரைச் சொல்லி ஏதாவது ஒண்ணு சர்ச்சு அதிர முழங்கட்டும்னு நெனச்சேன்மா. வேற ஒண்ணுமில்ல."

"தெரியும் மாமா."

"சரி. நீ சொல்லுதத எடு."

திரும்பிப் பார்க்காமலேயே சட்டைப்பையில் கையை விட்டார்.

சின்னப் பெட்டியில் ஒரு கட்டை அமுங்கினால் எழ மறுத்தது. சென்னியப்பன் உள்ளே ஊசிக் கம்பியைச் சீர்செய்து, பழைய வேட்டியில் பெட்டியைப் பொதிந்து, தூக்கக் கயிறும் கட்டிக் கொடுத்தார். பித்தளையில் பேர் வெட்டும் ஆசாரி குமுளியில் இருக்கிறான், தானே வெட்டி வாங்கி அனுப்புகிறேன், அதற்குக் காசு வேண்டாம் என்றார்.

"உங்க புண்ணியம்," என்றாள் ஞானஜோதி.

"என்ற புண்ணியமென்னங்க. அம்மாளுக்கு நல்லபடியா ஆகட்டும். இன்னைக்கே என்ற ஊட்டுக்காரிகிட்டச் சொல்றேன், மாரியாத்தா கோயில்ல ஒரு வெளக்குப் போடுவா. உங்க சாமி கோவிச்சுக்காதில்லீங்?"

"கோவிச்சுக்காதுங்க," என்றாள் அவள் சிரித்துக்கொண்டே. கண் மட்டும் கலங்கியது.

பஸ்ஸில் பெட்டி அவள் மடியில் வந்தது. ஆசீர்வாதம் முன்சீட்டில் உட்கார்ந்திருந்தார். மேல்கரை வரும்வரை ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு வளைவில் பஸ் குலுங்கியபோது மட்டும், திரும்பாமலே கையைப் பின்னால் நீட்டிப் பெட்டியைப் பிடித்துக்கொண்டார்.

சாயங்காலம் வெளிச்சம் இருக்கும்போதே தொடங்கினார்கள். கட்டிலில் அன்னாள் தலையணைக்குச் சாய்ந்திருந்தாள். ஸ்டூல்மேல் பெட்டி. பக்கத்தில் ரூல் போட்ட தாள்கள். ஆசீர்வாதம் வாசற்படியில் வெளியே பார்த்து உட்கார்ந்திருந்தார்.

"ஒரு தடவைதான் பாடுவேன், கேட்டியா," என்றாள் அன்னாள்.

"ஒரு தடவை போதும் அத்தை."

*கொழுந்து கிள்ளும் விரலுக்கெல்லாம்*
*கூலி தந்தவரே,*
*மழையில் நடந்த காலுக்கெல்லாம்*
*வழியும் தந்தவரே…*

அரைக் குரலில்தான் பாடினாள். ஞானஜோதி ஊதினாள், விட்டாள், அமுக்கினாள், எழுதினாள். சுரம் அவள் கைக்காகக் காத்து நின்றது. அன்னாளின் குரல் நழுவிய இடங்களில் பெட்டியின் சுரம் கை கொடுப்பதுபோல் அடியில் நின்றது. அவள் அதைப் பிடித்துக்கொண்டு மேலே ஏறினாள். முதல் பாட்டு முடிந்தது. இரண்டாவதும் முடிந்தது. மறுபடி பாடுங்க என்று ஒருமுறைகூடக் கேட்கவில்லை.

இடையில் வெந்நீர் கொடுக்கும்போது ஞானஜோதி மெல்லச் சொன்னாள்.

"நான் கைக்குழந்தையோட நின்னப்ப, பிள்ளைய நீங்க முதுகுல கட்டிக்கிட்டுக் கொழுந்து பறிச்சு என்னைப் படிக்க அனுப்புனீங்க. அன்னைக்கு நீங்க அனுப்பலேன்னா இந்த எழுத்து எனக்கு ஏது அத்தை?"

அன்னாள் ஒரு மடக்குக் குடித்தாள்.

"இதுக்குன்னு நெனச்சா அனுப்புனேன்? நீ அழுதுகிட்டே அடுப்பூதுவ. சோறும் வேகாது, அழுகையும் ஓயாது. எங்கயாவது போய்ப் படிச்சுத் தொலைன்னு அனுப்புனேன்."

ஞானஜோதி சிரித்தாள். அன்னாளும் சிரித்தாள், சத்தமில்லாமல். பிறகு மருமகளின் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு, "நல்லா இரு, ஏட்டி," என்றாள்.

மூன்றாவது பாட்டுத் தொடங்கியபோது வாசற்படி காலியாக இருந்தது. ஆசீர்வாதம் எப்போது உள்ளே வந்தார் என்று தெரியவில்லை. ஸ்டூல் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து, வலது உள்ளங்கையைப் பெட்டியின் மரத்தில் பதித்திருந்தார்.

தொழிற்சாலையில் அவர் பழக்கம் அது. ரோலர் ஓடும் இரைச்சலில் எந்தக் காதுக்கும் எதுவும் கேட்காது. மெஷின் சரியாக ஓடுகிறதா, பேரிங் தேய்கிறதா என்பதை உள்ளங்கையை வைத்துத்தான் சொல்வார். சொன்னால் தப்பாது.

இடது கையை அவர் கட்டிலின் சட்டத்தில் வைத்தார். அன்னாள் சாய்ந்திருந்த இடத்துக்கு அருகில். அவள் பாடிக்கொண்டிருந்தாள். ஒரு கையில் பெட்டி, ஒரு கையில் அவள். கண்ணை மூடிக்கொண்டார்.

அடி முடியும்வரை அப்படியே இருந்தார். பிறகு கண்ணைத் திறந்து மருமகளைப் பார்த்தார்.

"ரெண்டும் ஒண்ணா ஓடுதும்மா," என்றார். "அந்தப் பெரிய பெட்டின்னா இவளை முழுங்கியிருக்கும். நான் தப்பா எடுக்கப் பாத்தேன். கர்த்தருக்கு ஸ்தோத்திரம், நீ பேசுன."

இத்தனை வருஷத்தில் முதல்முறையாக அவர் ஒரு விஷயத்தை ஏழு வீட்டுக்குக் கேட்காமல் சொன்னார்.

ஞானஜோதி முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு துருத்தியை நிறைய ஊதினாள். மூன்றாவது பாட்டில் கடைசி அடி ஒன்றுதான் பாக்கி. நன்றிப் பாட்டு அது. வருகிற பண்டிகைக்கென்று அன்னாள் புதிதாகக் கட்டியது. அந்த அடியை வீட்டில் யாரும் இன்னும் கேட்டதில்லை. கையை எடுத்தாள். சுரம் நின்றது. பென்சிலைத் தாளில் வைத்துக் காத்திருந்தாள்.

அன்னாள் பாடவில்லை.

"அத்தை? இந்த ஒரு வரிதான்."

அன்னாள் கையை நீட்டித் தலைமாட்டில் இருந்த கரண்டியை எடுத்தாள். தம்ளரை இரண்டு முறை தட்டினாள்.

"தொண்டை வலிக்குதா?"

இல்லையென்று தலையசைத்தாள். மருமகளை அருகே வரச் சொல்லி, காதில் சொன்னாள்.

"அத அங்ஙன காலியா விடு. கோட்டயம் போயிட்டு வந்து பாடுதேன்."

குரல் வராமல் போனால் என்ற கேள்வி ஞானஜோதியின் நாக்கு நுனிவரை வந்து நின்றது. கட்டிலில் இருந்தவளின் முகத்தைப் பார்த்தாள். அதில் பயம் இருந்தது, இல்லாமல் இல்லை. ஆனாலும் அவள் கேட்டுக்கொண்டது ஒரு காலி இடத்தைத்தான்.

"என்ன சொல்லுதா?" என்றார் ஆசீர்வாதம்.

"வந்து பாடுவாங்களாம் மாமா!"

தாளில் கடைசி அடிக்கு வேண்டிய கட்டங்களை ஞானஜோதி ஸ்கேல் வைத்து ஒவ்வொன்றாகப் போட்டாள். காலத்துக்கு உரிய புள்ளிகளையும் வைத்தாள். எழுத்து வரவேண்டிய இடங்களை மட்டும் வெறுமையாக விட்டாள்.

பெட்டியில் முன்பு ஊதி விட்டிருந்த மூச்சு இன்னும் தீரவில்லை. அவள் விரல் தற்செயலாய்ப் பட்ட கட்டை மெலிதாக ஒலித்தது. ஆசீர்வாதம் மரத்தின் மேல் வைத்திருந்த கையை எடுக்கவே இல்லை.